முந்நூறு ஏலம் தோற்றவர்

காலையில் பிரின்டரில் வந்த ஒப்பந்தத்தில், பங்குதாரர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் ‘சந்திரிகா, ஆபீஸ் நிர்வாகம், மாதச் சம்பளம்’ என்று இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2003-ல் மேற்குத் தாம்பரத்தில் இந்த மாடி அறையைப் பிடித்து, பாதிக்குப் பாதி என்று பேசித்தான் சாஜித்தும் நானும் ஏல வெப்சைட்டைத் தொடங்கினோம். எழுதி வாங்காதது என் புத்தி. முதல் ஆறு மாதம் ஏலம் கேட்க ஒரு ஈ காக்கா வரவில்லை. அதை எப்படிக் கரையேற்றினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சண்டை போட வாயைத் திறப்பதற்குள் நாவலூரிலிருந்து பக்தவச்சலம் வந்துவிட்டார். பணம் போடப்போகிறவர். கம்பெனியின் பலம் என்ன, பலவீனம் என்ன, இனி எங்கே வளரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்தாம்.

“அக்கா, சாருக்கு ஒரு டீ சொல்லிடுங்களேன்” என்றான் சாஜித்.

அந்த வெப்சைட்டின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. இவன் அதில் ஒரு கமாகூடப் போட்டதில்லை.

வளர்ச்சியைப் பற்றி வாய் கிழியப் பேசினான். மேடவாக்கம் அபார்ட்மென்ட்களில் வாரத்துக்குப் பத்துப் பேர் அமெரிக்கா கிளம்புகிறார்கள், கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் நாலு நாளில் தள்ளிவிட்டாக வேண்டும் அவர்களுக்கு. அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தது.

பலவீனம் என்றதும் என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

“ஆபீஸ் வேலைதான் கொஞ்சம் ஸ்லோ சார். புதுசா ஆள் எடுத்துட்டா சரியாயிடும்.”

பாவி.

பக்தவச்சலம் ஏலப் பட்டியலைப் புரட்டினார். முடிச்சூர் ராஜன் என்று ஒருவர் முந்நூறு ஏலத்தில் விலை ஏற்றிக் கேட்டிருக்கிறார், ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே, யார் இவர் என்றார்.

“நம்ம பலமே அவர்தான் சார். அவர் கேக்கறதைப் பாத்துத்தான் மத்தவங்க ஏத்திக் கேக்கறாங்க. மனசு விட்டுடாதீங்கன்னு நானே மெயில் போட்டேன். பதிலும் போட்டாரு, பாவம்.”

பொய் சொல்லவில்லை அவன். முழுசாக நம்பினான்.

அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று, பட்டியலில் இருந்த நம்பரைத் தன் செல்லில் அழுத்தினார் பக்தவச்சலம்.

சைலன்ட்டில் போட எனக்கு நேரம் இருந்தது. இந்த ஒப்பந்தம் போனால் எனக்கும்தான் போயிற்று என்று தெரியும். போகட்டும்.

என் கைப்பையில் சாஜித்துக்குத் தெரியாத இரண்டாவது போன் அடித்தது. சாஜித்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன்.

“ராஜன்தான் பேசறேன், சொல்லுங்க சார்.”