ஏழாம் நம்பர் காட்டுச் சக்கரங்கள்

நடுவட்டம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தபித்தாள், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய விமானப் படத்தை, விமானப் பிரியர்களின் ஃபேஸ்புக் குழுவில் போட்டாள். சக்கரங்களோடு மேலே எழும்பும் விமானம். முன்னால் சுழல்விசிறி இல்லை.

"போர்க்கால ராக்கெட் விமானம். எழும்பியதும் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிடும். இந்தியாவில் பறந்ததே இல்லை. போலிப் படம், நீக்குங்கள்" என்றார்கள் நிபுணர்கள்.

"நீக்க மாட்டேனுங்க. கீழ தெரியறது எங்க ஏழாம் நம்பர் தேயிலைக் காடு. பதினெட்டு வருசமா அங்கதான் பறிக்கறேன்."

மறுநாள் காலை, ஏழாம் நம்பர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு சக்கரங்கள் கிடந்தன. டயர் சுட்டது. படத்தை எடுத்துப் பார்த்தாள். விமானத்தின் அடியில் சக்கரங்கள் இல்லை.

இரண்டையும் வீட்டுக்கு உருட்டி வந்து, குழுவில் எழுதினாள்:

"சக்கரம் எங்கிட்டத்தான் இருக்குதுங்க. விமானம் இன்னும் இறங்கலீங்க."