கம்பிவலைக்கு அந்தப் பக்கம்

பிராந்தியக் கடற்கரைக் கால்பந்துப் போட்டியின் கடைசிப் பகுதி ஆட்டம். மணல் கொதிக்கிறது. தேசிய அணியின் பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்கள் ஒருவர்கூட இல்லை, தண்ணீர் பாட்டில்கள்தான் கிடக்கின்றன. திரும்பிப் போனால் போருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அத்தனை பேரும் நேற்று விடுதியிலிருந்து ஓடிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் கேப்டனின் தம்பி. அம்மாவுக்கு ஒருவனாவது வேண்டுமே என்று அண்ணன் ஓடாமல் தங்கிவிட்டான். அணி மேலாளர் பாஸ்போர்ட் பையை மடியில் அணைத்துக்கொண்டு கூட்டத்தை முகம் முகமாகத் துழாவுகிறார். பிடித்தால் கையோடு இழுத்துப் போய்விடுவார். பந்தோடு திரும்பும் கேப்டன், கம்பிவலைக்குப் பின்னால் தம்பியைப் பார்த்துவிடுகிறான். யாருடையதோ தொளதொளச் சட்டை. அண்ணன் ஆடுவதைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை போலிருக்கிறது, பாவி. அந்த நொடியில் பந்து பறிபோய் கோல் விழுகிறது.

"எங்கடா பராக்குப் பாக்குற? யாரு அங்க?" மேலாளர் எழுந்தேவிட்டார்.

"யாருமில்ல சார். கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு."

கேப்டன் குனிந்து கண்ணைக் கசக்குகிறான். தம்பி மெல்லக் கையைத் தூக்குவது விரலிடுக்கில் தெரிகிறது. இனி எந்தக் காலத்தில் பார்ப்பதோ. கேப்டன் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நடுக்கோட்டை நோக்கி நடக்கிறான்.