பொம்பளைங்க பூத்து

"போடுங்கம்மா ஓட்டு, ஆட்டோவப் பாத்து!"

கூட்டத்தின் முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள் செல்லியம்மாள். எதிர்ச்சாரியில் நோட்டீஸ் கட்டோடு நின்றிருந்த சின்னதுரைக்கு முகம் செத்துப்போயிற்று. அவனும் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறான். அவன் சின்னம் பூட்டு சாவி. கத்துகிறவள் அவன் பெண்டாட்டி.

"இன்னா சின்னதுரை, வூட்லயே ஒரு ஓட்டு கம்மியா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்க, கடையே சிரித்தது.

நைனார்பாளையத்தைத் தாண்டி இருக்கிற அந்தச் சின்ன ஊரில் இந்தத் தடவை சாதிப் பேச்சு, சொந்தக்காரப் பேச்சு எல்லாம் பின்னால் போய், சேகோ ஆலைப் பேச்சுதான் முன்னால் நின்றது. மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசிக்கு மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற புளித்த தண்ணீர், வாய்க்கால் வழியாக நேரே ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. போன கோடையில் மீன்கள் அத்தனையும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. ஏரியில் குளித்த பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு அலைந்தார்கள்.

"ஆலைதான் சோறு போடுது. நாத்தத்துல எவனும் செத்ததில்ல" என்பது ஆட்டோ சின்னத்தில் நின்ற கொளஞ்சியப்பனின் பேச்சு. ஆலை முதலாளி அவர் பக்கம். வேன், மைக்செட், வீட்டுக்கு ஒரு மஞ்சள் சேலை எல்லாம் அங்கிருந்துதான் வந்தன.

அதே ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் சின்னதுரை. "ஆலை ஓடட்டும். ஆனா சுத்தம் பண்ணாத தண்ணி ஒரு சொட்டு ஏரிக்கு வந்தாலும் வாய்க்கால மண்ணக் கொட்டி மூடிடுவேன்" என்று வேட்புமனு போட்ட அன்றைக்கே சொன்னான். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

கொளஞ்சியப்பன் ஒருநாள் அவனைத் தனியே கூப்பிட்டார். "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. மேஸ்திரி வேல வாங்கித் தரேன். வாய மூடிக்கினு ஒதுங்கிடு."

"வாய்க்காலத்தான் மூடுவேங்க. வாய மூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆனால் செல்லியம்மாளிடம் அவன் பேச்சு எடுபடவில்லை. ஆலையில் கிழங்கு உரிக்கிற அறுபது பெண்களில் அவளும் ஒருத்தி. சூப்பர்வைசர் அறுபது பேரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். "தெனம் ஆட்டோவுக்கு ஓட்டு கேக்க வரணும். பொம்பளைங்க பூத்துல ஓட்டு கொறைஞ்சா, ஒருத்தியும் வேலைக்கு வர வேணாம்."

"நீயுமாடி போற?" என்றான் சின்னதுரை.

"உன் வேலயும் போச்சி. என் வேலயும் போனா அடுப்புல இன்னாத்த வெக்கறது?" என்றாள்.

ஓட்டுப்பதிவு அன்று காலையில் அந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"சீட்டுல உன் பூட்டு எத்தினியாவது?"

"மூணாவது. பாத்து, தவறிப்போயி அதுல குத்திடப் போற."

அவள் போய் ஆலை வேனில் ஏறினாள். உள்ளே எல்லாம் மஞ்சள் சேலை. தோற்பதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. பதினாறு வருசம் கூட வாழ்ந்தவள் அந்த வேனில் ஏறியதுதான் நெஞ்சை அறுத்தது.

சின்னசேலத்தில் ஓட்டு எண்ணினார்கள். மற்ற இரண்டு பூத்துகள் முடிந்தபோது சின்னதுரை தொண்ணூற்றிரண்டு ஓட்டு பின்னால் இருந்தான். மிச்சம் பொம்பளைங்க பூத்து ஒன்றுதான். கொளஞ்சியப்பன் மாலைக்கு ஆள் அனுப்பினார். ஊர்வலத்துக்குக் கோஷம் போட, கிழங்கு உரிக்கிற பெண்களை ஆலை வேன் ஏற்கெனவே கொண்டுவந்து வெளியே இறக்கியிருந்தது.

சின்னதுரை எழுந்தான். கூட வந்த பிச்சைமுத்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இருடா, எண்ணி முடிக்கட்டும்."

"இன்னாத்துக்கு? அது சேகோ ஆலை பொம்பளைங்க பெட்டிடா."

ரோஸ் நிறச் சீட்டுகளைக் கொட்டிப் பிரித்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"பூட்டு... பூட்டு... ஆட்டோ... பூட்டு... பூட்டு..."

யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கொளஞ்சியப்பன் பாதியில் நிறுத்தினார். இன்னொரு தரம் எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். சின்னதுரை முப்பத்தேழு ஓட்டில் ஜெயித்திருந்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் வெளியே ஓடிவந்தபோது ஆலை வேன் காலியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. "நாளையிலேர்ந்து ஆலை கேட்டுக்கிட்டகூட எவளும் வரக் கூடாது!" என்று சன்னல் வழியாகக் கத்தினார் சூப்பர்வைசர். மதில் ஓரமாக நின்ற அறுபது மஞ்சள் சேலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. "வாய்க்கால மூட மண்ணு வெட்டற வேல இருக்குதுங்க, நாங்க அங்க போறோம்" என்று அவர்களில் ஒருத்தியான அமிர்தம் திருப்பிக் கத்தினாள்.

சின்னதுரைக்குக் கண் நிறைந்து வழிந்தது. எல்லார் முன்னாலும் செல்லியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கோசரம் அறுபது பேரும் வேலயத் தொலச்சிட்டு நிக்கறீங்களேடி!"

அவள் கையை உருவிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு எவய்யா போட்டா? ஏரிக்குப் போட்டோம்."