போர்க் ஒயில்

"இண்டைக்கே வீட்டைக் காலி பண்ணுங்கோ!"

சந்திரகுமார் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மோட்டார் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றி வைத்துவிட்டு, முன் ஷொக் இரண்டையும் பேசினில் கவிழ்த்துப் பழைய ஒயிலை வடித்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கறுப்பு.

எதிரே வீட்டுக்காரி இரத்தினம்மா. செத்த எலியைத் தூக்கி வந்த மாதிரி, விரல் நுனியில் ஒரு சொப்பிங் பேக். பின்னால் அவர் கணவர் நமசிவாயம், நெற்றி நிறையத் திருநீற்றோடு.

"என்ன நடந்துச்சு அன்ரி?"

"சைவ வீடு எண்டு சொல்லித்தானே அனெக்ஸ் தந்தனாங்கள்? அதுவும் கந்தசஷ்டியில! உங்கட பாயிஸ் கடையில இருந்து வந்தது. வாசியுங்கோ!"

பேக்கில் பேனையால் எழுதியிருந்தது: 'குமாருக்கு, போர்க் ஒயில்.'

"பண்டிக் கொழுப்பு உருக்கவோ என்ர வீடு கிடைச்சது? சிவசிவா! கேக்கவே குமட்டுது!" நமசிவாயம் மனைவியைவிட ஒரு படி மேலே போய்க் கத்தினார். அந்தச் சத்தத்தில் பக்கத்து மாடி ஜன்னல்கள் இரண்டு திறந்தன.

சந்திரகுமார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மனைவி நிஷாந்திக்கு இது எட்டாம் மாதம். இந்த நிலையில் அவளைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கே போய் வீடு தேடுவது?

எழுத்தை இன்னொரு தரம் பார்த்தான். சிரிப்பு பீறிட்டு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டான்.

"ஐயோ அன்ரி, இது பன்னி இல்லைங்க! பைக்குக்கு ஊத்துற ஒயிலு. இந்த முன் ஷொக்குக்கு இங்கிலீஷ்ல முள்ளுக்கரண்டின்னு பேரு, போர்க். பாயிஸ் நானா அதை அப்படியே தமிழ்ல எழுதிட்டாரு. அவரு முஸ்லிம், பைக் சாமான் கடை வச்சிருக்கிறவரு, பன்னி விப்பாருங்களா?"

போத்தலை வெளியே எடுத்துக் கொடுத்தான். இரத்தினம்மா கண்ணாடியைப் போட்டு, அதில் இருந்த மோட்டார் சைக்கிள் படத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டினார். கோபமெல்லாம் ஓடிப் போய்விட்டது.

"முருகா! குறை நினையாதேங்கோ தம்பி. இருங்கோ, நிஷாந்திக்குச் சர்க்கரைப் பொங்கல் தந்துவிடுறன்."

சந்திரகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூவரும் சிரித்தார்கள். வயிறு குலுங்கச் சிரித்தவர் நமசிவாயம்தான்.

"எனக்கு அப்பவே சந்தேகம், இரத்தினம். பேக்கை மணந்து பாத்தனான். பண்டியெண்டா அந்த வாசமே வேற. கொறுக்காய்ப் புளி போட்டுக் கறுக்க வறுக்கேக்க, தெருமுனையிலயே வாய் ஊறும்!"

இரத்தினம்மா கண்ணாடியை மெல்லக் கழற்றினார்.

"ஆருக்கு?"