மிச்ச நூல்

"அந்தப் பையில என்ன போவுதுன்னு ஒரு தரம் கேட்டுட்டா என்னங்க?" என்றாள் புஷ்பவள்ளி.

ஞானாம்பாள் வாசலைப் பார்த்தாள். ஜொஹரா பீவி தெருமுனை திரும்பியிருந்தாள். ரயிலைப் பிடிக்கிற அவசரம் அவளுக்கு.

"மிச்ச நூல்தான். கேட்டுட்டுத்தானே எடுத்துட்டுப் போறாங்க."

"துண்டு துணுக்குன்னா பரவால்ல. இன்னிக்கு முழுசா ரெண்டு உருண்டை போவுது. நான் பாத்தேன்."

சீனாவோடு சண்டை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. எல்லையில் பனியில் நிற்கும் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்புவதற்காக, சிதம்பரம் கீழ வீதியில் ஞானாம்பாள் வீட்டுக் கூடத்தில் வாரம் இரண்டு நாள் பன்னிரண்டு பெண்கள் கூடினார்கள். பின்னல் ஊசியை அதற்கு முன்னால் பிடித்தவள் ஜொஹரா பீவி ஒருத்திதான். புருஷன் குன்னூரில் கடை வைத்திருந்த காலத்தில் பழகிய கை. பரங்கிப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து, எல்லாருக்கும் கண்ணி போடக் காட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

பின்னி முடித்ததை மூட்டை கட்டி அவளிடமே கொடுத்துவிடுவார்கள். அவள் அண்ணன் ஜமாலுதீன் அதைக் கடலூருக்குக் கொண்டுபோய், ஸ்வெட்டர் வாங்கிக்கொள்கிற ஆபீசில் சேர்த்துவிடுவார்.

"நான் அஞ்சு முடிச்சிட்டேன். ராமாமிர்தம் நாலு" என்றாள் புஷ்பவள்ளி. "சொல்லிக் குடுத்த மகராசி ரெண்டு மாசமா ஒண்ணே ஒண்ணு. அப்போ கொண்டு போற நூலு என்னாவுது? வீட்ல நாலு பிள்ளைங்க இருக்குது அவுங்களுக்கு."

"சே, அப்படிச் சொல்லாத."

"சொல்லாம என்னங்க பண்றது? என் தம்பி லடாக்குல நிக்கிறான். குடிக்கிற தண்ணி கூட உறைஞ்சி போவுதுன்னு எழுதறான். அவனப் போல பிள்ளைங்களுக்குன்னு வந்த நூலு இது. வெள்ளிக்கிழமைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடுங்க."



"பாக்காம ஒருத்தர் மேல பழி போடக் கூடாது" என்றாள் ஞானாம்பாள். " நாளைக்கு ரெண்டு பேருமா போய்ப் பாத்துட்டு வருவோம்."

மறுநாள் காலை ரயிலில் பரங்கிப்பேட்டையில் இறங்கி, ஜட்கா பிடித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தது ஜொஹராவின் தங்கை மெகருன்னிசா. பதினெட்டு வயசிருக்கும்.

"லாத்தா கடைத்தெருவுக்குப் போயிருக்கு. இப்ப வந்துடும். உள்ள வாங்க" என்றாள். லாத்தா என்றது அக்காவை.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. பாய் நிறையக் காக்கி நிற ஸ்வெட்டர்கள். நேற்று இவர்கள் கட்டிக்கொடுத்த மூட்டை அவிழ்ந்து கிடந்தது. ஒரு ஸ்வெட்டர் பாதி பிரிந்து, நூல் சுருள் சுருளாகத் தொங்கியது.

புஷ்பவள்ளி ஞானாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள். பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானே என்று கேட்கிற பார்வை.

அந்தப் பார்வையைக் கண்டு மெகருன்னிசாவின் முகம் வெளுத்தது.

"நீங்க கடலூர் ஆபீஸ்லேர்ந்து வாறீங்களா?"

ஞானாம்பாள் வாய் திறப்பதற்குள் புஷ்பவள்ளி முந்திக்கொண்டாள். "ஆமா. எதுக்கு இதெல்லாம் பிரிச்சிப் போட்டிருக்கு?"

"கோவிச்சிக்காதீங்கம்மா. இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிடாதீங்க. எல்லாம் சரியாயிடும்."

"எதைத் திருப்பி அனுப்பினாங்க?" என்றாள் ஞானாம்பாள்.

"முதல்ல வந்த மூட்டைய அப்படியே திருப்பிட்டீங்களே. கழுத்துல தலை நுழையல, போட லாயக்கில்லன்னு. ஜமாலுதீன் காக்காதான் தூக்கிட்டு வந்து வச்சாரு. சிதம்பரத்து அம்மாங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானேன்னு கேட்டாரு. லாத்தா சம்மதிக்கல. 'வீட்டு வேலைய விட்டுட்டு வந்து ஆசையா பின்றாங்க. இதச் சொன்னா மனசு ஒடிஞ்சி ஊசியக் கீழ வச்சிடுவாங்க'ன்னுச்சி. அன்னிலேர்ந்து ஒவ்வொண்ணா பிரிச்சி இது ஒரு ஆளே திரும்பப் பின்னுது. கை குட்டையா இருந்தா மிச்ச நூலு போட்டு நீளமாக்கும். அதுக்கப்புறம்தான் நீங்க வாங்கிக்கிட்டீங்க."



"அப்போ சொந்தமா ஒண்ணுக்கு மேல பின்னலியே, அது..." என்று இழுத்தாள் ஞானாம்பாள்.

"அதுக்கு நேரம் ஏதும்மா?"

புஷ்பவள்ளி மெல்லப் பாயில் உட்கார்ந்தாள். பாதி பிரிந்து கிடந்ததை எடுத்து மடியில் விரித்தாள். ஒரு கை மணிக்கட்டு வரைக்கும் வரும், இன்னொன்று முழங்கையைத் தாண்டாது. போன வாரம் அவளே பின்னி முடித்து, எல்லாரிடமும் காட்டிவிட்டு மூட்டையில் வைத்தது.

"இருக்கறதுலயே இதுதான் மோசமா?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

பயம் தெளிந்து மெகருன்னிசா லேசாகச் சிரித்தாள்.

"ஆமாங்க. இதப் பின்னினவுங்களோடது எப்பவுமே இப்படித்தான் இருக்கும். ஆனா அவுங்களோடத மட்டும் லாத்தா என்னத் தொட விடாது. 'தம்பி பனியில நிக்கிறானேன்னு கண்ணத் தொடச்சிக்கிட்டே பின்னினது, கண்ணி தப்பாம எப்படி இருக்கும்? இத நானே பதமா பிரிச்சிக்கறேன்'னு சொல்லும்."

ஞானாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புஷ்பவள்ளி தொங்கிக்கொண்டிருந்த நூல் முனையைப் பிடித்து, விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"நாங்க கடலூர் ஆபீஸ் இல்லம்மா. இதப் பின்னினவ நான்தான். உங்க லாத்தா வரட்டும். பின்னத்தான் எனக்கு வரல, பிரிக்கறதையாவது நானே பிரிச்சிக் குடுக்கறேன்."