காலி பெஞ்சு

கோமதிநாயகம் பதினொரு வருடமாக, ஞாயிறு தவறாமல் பாளையங்கோட்டை மார்க்கெட்டைப் படமெடுக்கிறார். படங்களில் ஆட்களே இருக்க மாட்டார்கள்; தராசு அந்தரத்தில் தொங்கும். சம்மதம் தராதவர்களை எந்தக் கேமராவும் காட்டக் கூடாது என்பது சட்டம். இறந்தவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. மறுநாளே பழைய படங்களில் வந்துவிடுவார்கள்.

இந்த ஞாயிறு காலை பூக்கடைச் சுடலைமணி வாசலில் நின்றான். அவன் அம்மா தவறி மூன்று நாளாகிறது.

"அண்ணாச்சி, உங்க படத்துல எங்கயாச்சும் எங்கம்மா வந்திருக்காளா?"

பதினேழு படங்களில் வந்திருந்தாள். வெறும் பூக்கூடை என்று அவர் நினைத்திருந்த ஒன்றில், அவரைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். சுடலைமணி சிரித்தான், அப்படியே அழுதான். பிறகு சட்டைப் பையில் கைவிட்டான்.

"எவ்வளவு அண்ணாச்சி?"

"சும்மா கொண்டு போடே. நான் என்ன விக்கதுக்கா எடுக்கேன்?"

அவன் போனதும், தினமும் பார்க்கும் அந்த ஒரு படத்தைத் திறந்தார். திருநெல்வேலி ஜங்ஷன், இரண்டாம் பிளாட்பாரம். பெஞ்சில் நீலப் பெட்டி ஒன்று தனியாக இருந்தது. பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த மகள் வள்ளி, படத்துக்குச் சம்மதம் தராமலே ரயிலேறி ஆறு வருடமாகிறது. இன்றுவரை ஒரு போன்கூட இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெஞ்சு இன்றும் காலியாகத்தான் இருந்தது.

"எங்கயோ இருக்கா," என்று ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே சொல்லிவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.