ஊர்க்கட்டு

காய்ச்சலில் படுத்தபடியே என் கணவர் எனக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். எண்பத்தேழில், இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வாரம் அது.

“பள்ளிக்கூடத்துலேர்ந்து வெளியேத்தினா எக்ஸ்பெல். வாடகை வூட்டுலேர்ந்துன்னா எவிக்ட். நாட்ட வுட்டே தொரத்தினா எக்ஸைல்.”

“நம்மள ஊரே ஒதுக்கி வெச்சிருக்குதே, அதுக்கு இன்னா?”

“ஆஸ்ட்ரசைஸ்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறியலுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வராத வீட்டோடு யாரும் பேசக் கூடாது. அதுதான் ஊர்க்கட்டு.

“பெரியவங்க கால்ல வுழுந்து கேக்கட்டுமா?”

“வாணாம். கட்டுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பஸ் இல்லை. கள்ளக்குறிச்சி ரோடு நெடுக வெட்டிப்போட்ட புளியமரங்கள் கிடந்தன. எதிர்வீட்டு அஞ்சலையிடம் ஓடினேன்.

“அக்கா, வயக்காட்டு வழியா வண்டி போவும். மாட்டப் பூட்டச் சொல்லுக்கா.”

கதவிடுக்கில் நின்று அழுதாள். “உன்னாண்ட பேசினா எங்களையும் ஒதுக்கிடுவாங்கடி.”

“காய்ச்சல்லதானே அவரு போவல?”

“காய்ச்சலுன்னு படுத்துக்கினாலும் வுடக்கூடாதுன்னுதானே கட்டு?”

நான் திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு இல்லை.

மறுவாரம் ஊர் கூடிக் கட்டை நீக்கப் பார்த்தது. முடியவில்லை. எங்கள் ஊரில், ஒரு கட்டைப் போடச் சொல்லி எழுந்தவரேதான் மறுபடி எழுந்து அதை நீக்க வேண்டும். மறியலுக்கு முன் நடந்த கூட்டத்தில் எழுந்து, காய்ச்சல் என்றாலும் விடக்கூடாது என்று கட்டுப் போடச் சொன்னவர் என் கணவர்.

அஞ்சலை இன்றும் என்னோடு பேசுவதில்லை.